நட்சத்திரம் செய்தவளா, கண்ணீர் விட்டவளா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே டோல்கீனின் ‘சில்மரில்லியன்’ பற்றி இரண்டு வரி எழுதப்போக, அதில் வரும் பெண் தெய்வங்களில் யார் பெரியவள் என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே இந்த முறை முழுக்க அதுதான், மற்ற கேள்விகள் அடுத்த இதழில். விஷயம் தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நடப்பதற்குப் பல யுகங்களுக்கு முன்னால், அந்த உலகம் உண்டான கதையைச் சொல்லும் புத்தகம் அது. டோல்கீன் 1973-இல் இறந்தபின் அவர் மகன் கிறிஸ்டோபர் கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து 1977-இல் வெளியிட்டார். அதில் வலார் என்று ஒரு தெய்வக் கூட்டம், ஏழு ஆண்கள், ஏழு பெண்கள். மெல்கோர் என்பவன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தே பிறந்து கெட்டுப்போனவன், பிறகு அவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கல்லூரி மாணவி, கோவை: சார், எங்கள் ஹாஸ்டலில் இப்போது இதுதான் சண்டை. ஏழு தேவியரில் ஒருத்தியைத்தான் பிடித்தவள் என்று சொல்லலாம் என்றால் நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? தயவுசெய்து வர்தா என்று மட்டும் சொல்லாதீர்கள், எல்லாரும் அவளையே சொல்கிறார்கள்.

எல்லாரும் அவளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறதம்மா, அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்களைச் செய்தவள், மலையுச்சியில் வலாரின் அரசனான கணவன் மன்வேயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ராணி, மெல்கோர் மற்ற எல்லாரையும்விட அதிகமாக வெறுத்ததும் பயந்ததும் அவளுக்குத்தான். கணவன் கூட இருக்கும்போது கிழக்கிலிருந்து மேற்குவரை எந்த இருட்டு மூலையில் யார் கூப்பிட்டாலும் அவள் காதில் விழும் என்று ஒரு வரி வருகிறது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாயகன் ஃப்ரோடோ ஒரு மலைமேட்டில் எதிரியின் கறுப்புக் குதிரைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டபோது வாயில் தன்னால் வந்தது அவள் பெயர்தான், ‘எல்பெரெத்’ என்று. அந்தப் பையன் குத்திய கத்தியைவிட அந்தப் பெயர்தான் எதிரிக்கு அதிகம் வலித்திருக்கும் என்று கூட வந்த அரகார்ன் பிறகு சொல்கிறான். ஆபத்தில் கூப்பிட ஒரு தெய்வம் வேண்டுமென்றால் வர்தாதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது பிடித்தவள் யார் என்று. எனக்கு நியென்னா.

இவளுக்குக் கணவன் கிடையாது. ஆண் வலாரில் மாண்டோஸுக்கும் லோரியனுக்கும் உடன்பிறந்தவள். உலகத்தின் மேற்கு எல்லைக்கும் மேற்கே தனியாக ஒரு வீடு, அதன் ஜன்னல்கள் உலகத்தைப் பார்த்து இல்லை, வெளியே பார்த்து இருக்கின்றன. எல்லாரும் கூடிக் களிக்கும் வாலிமார் நகரத்துக்கு அவள் வருவதே அபூர்வம். பக்கத்தில் இருக்கும் மாண்டோஸின் மண்டபங்களுக்கு மட்டும் போவாள், செத்தவர்கள் காத்திருக்கும் இடம் அது, அங்கே இருக்கிறவர்கள் அவளைப் பார்த்துத்தான் அழுது கூப்பிடுகிறார்கள். உலகம் உண்டாகும் முன்பு தெய்வங்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்களே, அந்தப் பாட்டு முடிவதற்கு வெகு முன்னாலேயே இவள் குரல் ஒப்பாரியாக மாறிவிட்டது என்கிறார் டோல்கீன். அதாவது நடக்கப்போகிற அத்தனை கெடுதியும் பாட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் பாட்டை நிறுத்தவில்லை. தனக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடுவதில்லை என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

வங்கி ஊழியர், சேலம்: நியென்னா என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன், பேட்டைப் பேனாக்காரர்கள் எல்லாருக்கும் சோகம் என்றால் ஒரு மயக்கம். நேராகக் கேட்கிறேன். அழுவதைத் தவிர அந்த அம்மாள் அந்தக் கதையில் செய்தது என்ன?

பேட்டைப் பேனாக்காரர் நன்றி சொல்கிறார்.

செய்ததைச் சொல்கிறேன், ஒவ்வொன்றாக எண்ணி வேண்டாம், ஒரே ஒரு காட்சி போதும். வலார் வாழும் நாடான வாலினோரில் இரண்டு மரங்கள், தெல்பெரியன் வெள்ளி வெளிச்சம், லாரெலின் தங்க வெளிச்சம், சூரிய சந்திரர் இல்லாத காலத்தில் அந்த நாட்டுக்கு வெளிச்சமே அவைதான். செடிகொடிகளின் தேவி யவன்னா பாடிப் பாடி முளைக்க வைத்த மரங்கள், அப்போதும் நியென்னா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து அந்த மண்ணைக் கண்ணீரால் நனைத்தாள். பிற்பாடு மெல்கோர் வந்து ஈட்டியால் குத்துகிறான், உங்கோலியன்ட் என்ற ராட்சதச் சிலந்தி அந்தக் காயத்தில் வாய் வைத்து உறிஞ்சி விஷத்தையும் ஏற்றிவிட்டுப் போகிறது. இருட்டு. தெய்வங்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்ஃப் இனத்துக் கைவினைஞன் ஃபியனோர், தான் செய்து வைத்திருக்கும் சில்மரில் மணிகளைக் கொடுத்தால், அதற்குள் இருக்கும் பழைய வெளிச்சத்தை வைத்து மரங்களைப் பிழைக்க வைக்கலாம் என்று யவன்னா கேட்கிறாள். அவன் முடியாது என்கிறான். அதற்குமேல் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அப்போது எழுந்து போகிறவள் நியென்னா ஒருத்திதான். மேட்டின் மேல் ஏறுகிறாள், சாம்பல் நிற முக்காட்டைப் பின்னால் தள்ளுகிறாள், அந்தச் சிலந்தி விட்டுப்போன அசிங்கத்தைத் தன் கண்ணீரால் கழுவுகிறாள். அப்புறம் உலகத்துக்கு நேர்ந்த காயங்களுக்காகப் பாடுகிறாள். அவ்வளவுதான். இதை ‘அழுவதைத் தவிர’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் செத்த வீட்டில் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெரியம்மா எழுந்து வந்து உடம்பைக் குளிப்பாட்ட ஆரம்பிப்பாளே, அந்த வேலையை நீங்கள் வேலையாகக் கணக்கு வைப்பீர்களா மாட்டீர்களா என்பதைப் பொறுத்தது இதற்குப் பதில்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ரசிகர்கள் இதை அடிக்கடி மாற்றிச் சொல்கிறார்கள். அவள் கண்ணீர் மரங்களைப் பிழைக்க வைக்கவில்லை. பிறகு மன்வே அவளையும் யவன்னாவையும் முழு முயற்சி செய்யச் சொல்கிறான், செய்கிறார்கள், நியென்னாவின் கண்ணீரால் அந்தக் காயம் ஆறவில்லை என்று டோல்கீன் வெட்டொன்று துண்டிரண்டாக எழுதிவிடுகிறார். யவன்னா தனியாக நெடுநேரம் இருட்டில் பாடி, அவளும் நம்பிக்கை விட்டுப் பாட்டு தடுமாறும் நேரத்தில்தான், இலையில்லாத கிளையில் தெல்பெரியன் ஒரு வெள்ளிப் பூவும் லாரெலின் ஒரு தங்கப் பழமும் விட்டு ஓய்கின்றன. அந்தப் பூதான் சந்திரன், பழம்தான் சூரியன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: ஐயா, எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்த மரங்கள் அழிந்ததற்கே உங்கள் நியென்னாதானே காரணம்? சிறையில் இருந்த மெல்கோருக்கு மன்னிப்புக் கொடுக்கச் சொல்லிப் பரிந்து பேசியவள் அவள் அல்லவா?

வாத்தியார் விடமாட்டார் என்று தெரியும். உண்மைதான். மாண்டோஸின் கோட்டையில் மூன்று யுகம் கட்டுண்டு கிடந்துவிட்டு மெல்கோர் வெளியே வருகிறான், மன்வேயின் காலடியில் விழுகிறான், திருந்திவிட்டேன், கெடுத்ததையெல்லாம் சரிசெய்ய உதவுகிறேன் என்கிறான், நியென்னா அவனுக்காகப் பேசுகிறாள். மன்வே மன்னிக்கிறான். வலாரில் உல்மோவும் துல்காஸும் நம்பவில்லை, மெல்கோர் தெருவில் கடந்து போகும்போதெல்லாம் துல்காஸின் கை தானாக முஷ்டி பிடித்துக்கொள்ளுமாம், எனக்கு அந்தப் பாத்திரத்தில் பிடித்ததே அந்த ஒரு வரிதான். கடைசியில் துல்காஸ் முஷ்டிதான் சரி என்று ஆனது.

ஆனால் மன்வேயின் மன்னிப்பையும் நியென்னாவின் பரிந்துரையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மன்வேயிடம் கெட்ட எண்ணமே கிடையாது, அதனால் கெட்டதைப் புரிந்துகொள்ளவே அவனால் முடியவில்லை, ஏமாந்தான். நியென்னா அப்படி இல்லை. மெல்கோர் உலகத்துக்குப் போட்ட ஒவ்வொரு காயத்துக்கும் தனித்தனியாக அழுதவள் அவள், அவன் குற்றப்பத்திரிகை முழுதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள், தெரிந்துகொண்டுதான் எழுந்து பேசினாள். அதை வெகுளித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தப்பா என்று கேட்டால், விளைவை வைத்துப் பார்த்தால் படு தப்பு.

இனிமேல்தான் டோல்கீனின் கெட்டிக்காரத்தனம். நியென்னாவின் வீட்டுக்கு அடிக்கடி வந்து இரக்கமும் பொறுமையும் கற்றுக்கொண்ட ஒருத்தன் இருக்கிறான், ஓலோரின் என்று பெயர். நமக்கு அவனை ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மந்திரவாதி காண்டால்ஃபாகத் தெரியும். பல ஆயிரம் வருஷம் கழித்து இந்தக் கிழவன் ஃப்ரோடோவிடம் உட்கார்ந்து, மந்திர மோதிரத்துக்கு அடிமையான கோலுமைக் கொல்ல வாய்ப்பிருந்தும், ஃப்ரோடோவுக்கு முன்னால் அந்த மோதிரத்தை வைத்திருந்த பில்போ கொல்லாமல் விட்டான் என்றால் அது இரக்கத்தால், அந்த இரக்கம் பலபேர் தலைவிதியைத் தீர்மானிக்கப் போகிறது என்று சொல்கிறான். அப்படியே ஆகிறது. மோதிரத்தை அழிக்கப் போன எரிமலை வாயில் ஃப்ரோடோ தோற்றுப்போய் அதைத் தனக்கே என்று போட்டுக்கொள்ளும்போது, அந்த உயிரோடு விட்ட கோலும்தான் விரலோடு கடித்துப் பிடுங்கி நெருப்பில் விழுகிறான். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்று படங்களிலும் நியென்னாவின் பெயர் ஒரு தடவைகூட வராது, ஆனால் கதை முடிவது அவள் பள்ளிக்கூடத்துப் பாடத்தால்.

ஒரே இரக்கம், வாத்தியாரே. ஒரு இடத்தில் இரண்டு மரமும் போச்சு, இன்னொரு இடத்தில் உலகமே பிழைத்தது. பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்திருந்தால் முதல் தடவைக்குப் பிறகு அவள் அதை யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கவே மாட்டாள். உங்கள் வழக்கை நான் தள்ளுபடி செய்யவில்லை, தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

இல்லத்தரசி, திருச்சி: யவன்னாவை நீங்கள் ஓரங்கட்டுவதாகத் தோன்றுகிறது. காடும் பயிரும் அவளுடையது. எங்கள் வீட்டில் நானும் என் மகளும் யவன்னா கட்சி.

இரண்டாவது இடம் அவளுக்குத்தான், சந்தேகமே இல்லை. தவிர அந்தப் புத்தகத்தில் நான் சிரித்த ஒரே அத்தியாயம் அவளுடையது. கணவன் ஔலே கொல்லர்களின் தெய்வம், பொறுமை இல்லாமல் யாருக்கும் தெரியாமல் குள்ளர் இனத்தைச் செய்துவிடுகிறான். விஷயம் தெரிந்ததும் இவளுக்கு முதல் கவலையே மரம். உன் பிள்ளைகள் இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் மரங்களை வெட்டுவார்கள் என்று சொல்லி, நேராக மன்வேயிடம் போய் முறையிட்டு, காட்டுக்குக் காவலாக மர மேய்ப்பர்களை, அதாவது என்ட்களை, வாங்கிக்கொண்டு வருகிறாள். வந்து கணவனிடம் சொல்கிறாள், உன் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்கட்டும், இனி காட்டில் நடமாடும் ஒரு சக்தியின் கோபத்தைக் கிளறினால் அவர்களுக்குத்தான் ஆபத்து என்று. அவன் நிமிர்ந்து, இருந்தாலும் அவர்களுக்கு மரம் வேண்டியிருக்குமே என்று சொல்லிவிட்டுத் திரும்ப உலைக்களத்து வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். அத்தியாயம் முடிந்தது! சமாதானமும் இல்லை, தீர்வும் இல்லை. கல்யாணமானவர் எழுதியது என்று தெரிகிறது.

இளைஞர், ஈரோடு: நெஸ்ஸா, வானா இருவரைப் பற்றி யாருமே பேசுவதில்லையே, ஏன்?

பேச என்ன இருக்கிறது, ஆளுக்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறார். வானா கடந்து போனால் பூ முளைக்கும். நெஸ்ஸா மான்களையே ஓடி ஜெயிப்பாள், வாடாத புல்வெளியில் ஆடுவாள். இதற்குமேல் உங்கள் கற்பனைதான். நேரம் இருந்தால் வைரேயைக் கவனியுங்கள், அவளுக்கும் சில வரிகள்தான், ஆனால் காலத்தில் நடந்த எல்லாவற்றையும் துணியாக நெய்கிறாள், யுகம் போகப் போக விரிந்துகொண்டே இருக்கும் கணவன் மாண்டோஸின் மண்டபச் சுவர்களில் அவை தொங்குகின்றன. இரண்டு வரியில் அப்படி ஒரு வேலை கிடைத்தவள் அதிர்ஷ்டக்காரி.

வாசகர், நாகப்பட்டினம்: கடல்காரர்களுக்கு என்று ஒருத்தியும் இல்லையா?

இருக்கிறாள், ஆனால் அந்த ஏழு பேரில் இல்லை. ஊய்னென். வலாருக்கு அடுத்த படியில் இருக்கும் மையார் கூட்டத்தைச் சேர்ந்தவள், அவள் கூந்தல் வானத்துக்குக் கீழே உள்ள எல்லாத் தண்ணீரிலும் பரவிக் கிடக்கும். கணவன் ஒஸ்ஸே புயல்காரன், கரையை அடித்து நொறுக்குவதில் ஆசை உள்ளவன், அவனை அடக்கி அலையை அமர்த்துகிறவள் இவள்தான், அதனால் மாலுமிகள் இவளைத்தான் கூப்பிடுவார்கள். நூமெனோர் தீவுக்காரர்கள் இவளை வலாருக்குச் சமமாகவே மதித்தார்கள்.

இவளும் அழுகிறாள், அதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். ஃபியனோரின் ஆட்கள் துறைமுகத்தில் கப்பல்காரர்களைக் கொன்று கப்பல்களைப் பறித்துக்கொண்டு போகும்போது ஊய்னென் அந்த மாலுமிகளுக்காக அழுகிறாள், கடல் பொங்கி எழுந்து கொலைகாரர்களின் கப்பல்கள் பலவற்றை உடைத்து மூழ்கடிக்கிறது. இவள் கண்ணீர் பழிவாங்கும் கண்ணீர். சேலத்து வங்கி ஊழியருக்கு ஒருவேளை இவள் சரிப்பட்டு வரலாம்.

வாசகி, பாளையங்கோட்டை: டோல்கீன் தீவிர கத்தோலிக்கர் என்று படித்தேன். அவர் எப்படி இத்தனை தேவிகளை எழுதினார்?

வலாரை அவர் கடவுள்கள் என்று எழுதவில்லை, மனிதர்கள் அவர்களைக் கடவுள்கள் என்று அழைத்ததுண்டு என்றுதான் எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் மேலே எரு இலுவதார் என்று ஒரே ஒருவர், இவர்கள் அவர் படைத்த சக்திகள், நீங்கள் வானதூதர்கள் என்று நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். நான் தேவி தேவி என்று எழுதுவது நம் வாய்ப்பழக்கம்.

ஆராய்ச்சி மாணவர், சென்னை: நியென்னாவின் பழைய வடிவத்தைப் பற்றி எழுதுவீர்களா? அங்கே அவள் இவ்வளவு நல்லவள் இல்லையே.

நல்ல கேள்வி, இதற்காகவே இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் இருந்து காய்ச்சலோடு திரும்பிய டோல்கீன் 1916-17 குளிர்காலத்தில் இந்தக் கதைகளின் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கினார். அந்தப் பிரதிகளின் முதல் பாகத்தை மகன் 1983-இல்தான் அச்சில் கொண்டுவந்தார். அதில் அவள் பெயர் ஃபுயி நியென்னா. மாண்டோஸின் தங்கை இல்லை, மனைவி. வௌவால் இறகில் கூரை வேய்ந்த இருட்டு மண்டபத்தில் உட்கார்ந்து, செத்துவரும் மனிதர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறாள். சிலரை அங்கேயே நிறுத்திக்கொள்கிறாள், சிலரை மெல்கோரிடமே தள்ளிவிடுகிறாள், பெரும்பாலானவர்களை ஒரு கறுப்புக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாள், வெகு சிலருக்கு மட்டும் தெய்வங்களோடு வாழக் கொடுத்துவைக்கிறது. துக்கம் அவளுக்கு அப்போதே உண்டு, இரக்கம்தான் இல்லை.

பிறகு பல பத்தாண்டுகள் அவர் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்து ஏதோ ஒன்றைக் கழற்றுகிறார். தீர்ப்புச் சொல்லும் வேலை போய்விட்டது, கணவன் போய்விட்டான், வௌவால் இறகு போய்விட்டது. கறுப்பு மண்டபத்து நீதிபதி, அதே செத்தவர்களைப் பார்க்க வந்துபோகும் ஒருத்தியாக ஆகிவிட்டாள். ஒரே எழுத்தாளர் கையில் ஒரு தெய்வம் இப்படி மாறியதை நான் வேறெங்கும் படித்ததில்லை. வர்தா அன்றிலிருந்து இன்றுவரை நட்சத்திர ராணிதான். கோவை மாணவிக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய காரணம் இது, உங்கள் தயவில் இப்போது வந்தது.

பெயர் வேண்டாம், புதுச்சேரி: சில்மரில்லியனை எடுத்தால் பத்துப் பக்கத்தில் பெயர்களே மூச்சு முட்ட வைக்கின்றன. நியென்னாவை மட்டும் படிக்க வழி உண்டா?

உண்டு. முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ‘வலக்குவென்டா’ என்று ஒரு சின்னப் பகுதி தொடக்கத்திலேயே இருக்கும், தெய்வங்களின் அறிமுகம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதில் அவளுக்கு ஒரு பத்தி, கடைசிப் பக்கங்களில் ஓலோரினுக்கு ஒரு பத்தி. அப்புறம் நடுவில் எல்லாவற்றையும் தாண்டி, மரங்கள் அழியும் அத்தியாயத்துக்குப் போங்கள், அதற்கு அடுத்து ஃபியனோர் மணிகளைத் தர மறுக்கும் இடம், அதற்கும் பின்னால் சூரிய சந்திரர் அத்தியாயம். இந்த நாலுக்குள் அவள் வருவது மொத்தமே ஒரு பக்கம் தேறாது. மற்ற பெயர்களை மறந்துவிடுங்கள், புத்தகத்தின் பின்னால் அகராதியும் வம்சாவளியும் போட்டிருக்கிறார்கள், தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.